இருபது மணி நேரத்தில் ஒரு நாள்

ஹாம்ஸ்டர் உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பிராணி, எலிக்குச் சொந்தம். பகலெல்லாம் தூங்கும், இரவில் ஓடும். ஆய்வுக்கூடங்களில் அதன் கூண்டுக்குள் ஒரு சக்கரம் வைத்திருப்பார்கள். விழித்தவுடன் அதில் ஏறி மணிக்கணக்கில் ஓடும். சக்கரம் சுற்றச் சுற்ற, பதிவுத் தாளில் கறுப்புக் கோடுகள் விழும். ஒரு நாளுக்கு ஒரு வரி, மறுநாளுக்கு அதன் கீழே இன்னொரு வரி. கூண்டை முழு இருட்டில் வைத்தாலும் ஹாம்ஸ்டர் ஏறக்குறைய அதே நேரத்துக்குத்தான் எழுந்து ஓடத் தொடங்கும். அதனால் தாளில் கறுப்புப் பட்டைகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, கிட்டத்தட்ட நேராக இறங்கும்.

1980களில் அமெரிக்காவில் மார்ட்டின் ரால்ஃப், மைக்கேல் மெனேக்கர் ஆகிய இருவரும் இப்படிப்பட்ட தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் ஆண் ஹாம்ஸ்டரின் தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. இருட்டில் விட்டதும் அது ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்தது. பட்டைகள் இடப்பக்கமாகச் சரிந்துகொண்டே போயின. அந்த ஹாம்ஸ்டருக்கு ஒரு நாள் என்பது 22 மணி நேரம். நமக்கு 11 நாள் கழியும் காலத்தில் அதற்கு 12 நாள் கழிந்திருக்கும். அதன் வாரிசுகளைப் பெருக்கிப் பார்த்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாறிய மரபணுவைப் பெற்ற குட்டிகளுக்கு நாள் இன்னும் சுருங்கி 20 மணி நேரமாகியிருந்தது. இது 1988ல் வெளியானது.

இரண்டு வருடம் கழித்து அவர்கள் வெளியிட்ட சோதனைதான், என் கணிப்பில், உயிரியல் கண்ட மிக அழகான சோதனைகளில் ஒன்று. சாதாரண ஹாம்ஸ்டர் ஒன்றின் மூளையில், அடிப்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன நரம்புக் கொத்தை அழித்தார்கள். உடனே அதன் நாள் கலைந்துபோனது. கொஞ்சம் தூங்கும், கொஞ்சம் ஓடும், மறுபடி தூங்கும், இரவுமில்லை பகலுமில்லை. பிறகு, 20 மணி நேர வகையைச் சேர்ந்த ஹாம்ஸ்டர் கருவிலிருந்து அதே கொத்தை எடுத்து அங்கே பதித்தார்கள். தாளில் மீண்டும் பட்டைகள் தோன்றின. ஆனால் அவை 24 மணி நேரப் பட்டைகள் அல்ல; 20 மணி நேரப் பட்டைகள். மாற்றியும் செய்து பார்த்தார்கள். 20 மணி நேரப் பிராணிக்குச் சாதாரணக் கொத்தைப் பதித்தால் அதன் நாள் 24 மணி நேரத்துக்கு நீண்டது. உடம்பு முழுக்க ஒரு ஹாம்ஸ்டருடையது, நாள் மட்டும் இன்னொன்றுடையது.

அந்தக் கொத்து நமக்கும் இருக்கிறது. இரண்டு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் ஓரிடத்தில் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. அதற்கு நேர் மேலே, ஹைப்போதாலமஸ் என்ற பகுதியின் முன்பக்கத்தில், இடமும் வலமுமாக இரண்டு சிறு திரள்கள். கடுகைவிடச் சிறியவை. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 நரம்புச் செல்கள். மூளையில் இருக்கும் பல்லாயிரம் கோடிச் செல்களோடு ஒப்பிட்டால் இது கணக்கிலேயே வராது. சுப்ராகயாஸ்மாடிக் நியூக்ளியஸ் என்பது அதன் முழுப் பெயர், ஆய்வாளர்கள் எஸ்.சி.என். என்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க வெகு காலம் பிடித்தது. கர்ட் ரிக்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளின் சுரப்பிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார். எதை நீக்கினாலும் எலி தன் நேரத்தை விடவில்லை. பிறகு மூளையில் இடம் இடமாகத் தேடி, ஹைப்போதாலமஸின் முன்பக்கம் வரை வந்து சேர்ந்தார். 1972ல் இரண்டு குழுக்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல், சரியான புள்ளியைத் தொட்டன. கண்ணிலிருந்து கிளம்பும் ஒரு தனி நரம்புப் பாதை பார்வைக்கான பகுதிகளுக்குப் போகாமல் நேராக எஸ்.சி.என்.னில் முடிவதை ராபர்ட் மூர் போன்றவர்கள் கண்டதே அதற்கு வழிகாட்டியது. ஒளியின் செய்தி போய்ச் சேரும் இடத்தில்தானே நேரம் கணிக்கப்பட வேண்டும்?

சரி, ஒரு நரம்புக் கொத்தால் எப்படி மணி பார்க்க முடிகிறது? 1995ல் வெளியான ஓர் ஆய்வில் எலிக்குட்டிகளின் எஸ்.சி.என். செல்களைப் பிரித்து எடுத்து ஒரு தட்டில் வளர்த்து, ஒவ்வொன்றின் மின் துடிப்பையும் நாட்கணக்கில் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக, ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒருமுறை துடிப்பு ஏறி இறங்கியது. பக்கத்துச் செல்லோடு ஒத்துப்போகாமல் தன் போக்கில் ஓடியது. ஆக, கடிகாரம் இருப்பது கொத்தில் அல்ல. கொத்திலுள்ள ஒவ்வொரு செல்லிலும். மூளைக்குள் அவை ஒன்றோடொன்று பேசி ஒரே நேரத்துக்கு வந்துவிடுகின்றன.

செல்லுக்குள் நடப்பதன் முதல் துப்பு பழ ஈயிடமிருந்து வந்தது. 1971ல் கலிஃபோர்னியாவில் ரொனால்டு கொனோப்கா, சீமோர் பென்சர் இருவரும் ஈக்களில் மூன்று வகைப் பிறழ்வுகளைக் கண்டார்கள். ஒன்றுக்கு நாள் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதுக்கு நாள் என்பதே இல்லை. மூன்றும் ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றங்கள். அந்த மரபணுவையும் அதன் கூட்டாளிகளையும் பின்தொடர்ந்து போன ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நம் செல்களில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பகலில் இரண்டு புரதங்கள் சேர்ந்து 'பெர்', 'க்ரை' என்ற வேறு இரண்டு புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. பெர்ரும் க்ரையும் மெல்ல மெல்லச் சேர்ந்து, போதிய அளவு ஆனதும் செல்லின் உட்கருவுக்குள் போய், தங்களைத் தயாரிக்கச் சொன்ன அதே இரண்டு புரதங்களையும் தடுத்துவிடுகின்றன. தயாரிப்பு நின்றுபோகிறது. இருக்கிற பெர்ரும் க்ரையும் இரவு முழுக்கச் சிதைந்து தீர்கின்றன. தீர்ந்ததும் தடை விலகி, தயாரிப்பு மறுபடி ஆரம்பிக்கிறது. இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது. சேர எவ்வளவு நேரம், சிதைய எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த ஹாம்ஸ்டரின் கோளாறும் இங்கேதான். பெர் புரதத்தில் சிதைவுக்கான அடையாளம் வைக்கும் நொதி ஒன்று உண்டு. அதன் மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான் நாளைச் சுருக்கியது என்று 2000ல் தெரியவந்தது. பெர் சீக்கிரம் சிதைந்ததால் சுற்று சீக்கிரம் முடிந்தது. மறுவருடமே, சாயங்காலம் ஏழரை மணி வாக்கில் தூக்கம் சொக்கி, விடியற்காலை நாலரைக்கெல்லாம் தானாக எழுந்துவிடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்த ஒரு குடும்பத்தை அமெரிக்காவின் யூட்டாவில் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய பெர் புரதத்தில், அந்த நொதி வந்து ஒட்டும் இடத்திலேயே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது.

அதிகாலையில் எழுபவரை மெச்சுவதும், இரவு கண் விழிப்பவரை ராக்கோழி என்று ஏசுவதும் நம் வீடுகளில் சாதாரணம். இதில் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் கணிசமான பங்கு பிறவியிலேயே அமைந்த மரபணுக்களில் இருக்கும்போது, எழும் நேரத்தை வைத்து ஒருவரின் குணத்தை எடைபோடுவது நியாயமே இல்லை. பதின்வயதில் இந்தக் கடிகாரம் பெரும்பாலோருக்குப் பின்னால் தள்ளிப்போகிறது. இருபது வயது வாக்கில்தான் மறுபடி முன்னால் வரத் தொடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை விடியற்காலை 5 மணி டியூஷனுக்கு எழுப்பி அனுப்பும்போது, அதன் மூளையைப் பொறுத்தவரை நாம் நடுத்தூக்கத்தில் எழுப்புகிறோம்.

மனிதரின் சொந்தக் கடிகாரம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அறிய, வெளியுலகத்தை முழுக்க மறைக்க வேண்டும். 1962ல் மிஷெல் சீஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிக் குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14ஆம் தேதி வெளியே வரச் சொன்னபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. ஆனால் அவர் எப்போது தூங்கினார், எப்போது எழுந்தார் என்ற குறிப்பைப் பார்த்தால், உடம்பு ஏறத்தாழ ஒழுங்காகவே நாட்களை ஓட்டியிருந்தது. எண்ணிய மனம்தான் தவறியது, எஸ்.சி.என். தவறவில்லை. ஜெர்மனியில் யூர்கன் ஆஷோஃப் குழுவினர் நிலத்தடி அறையில் நூற்றுக்கணக்கானோரை இப்படித் தங்கவைத்து, மனிதரின் நாள் 25 மணி நேரம் என்றார்கள். அங்கே தங்கியவர்கள் விரும்பியபடி விளக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த விளக்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. விளக்கை மங்கலாக்கி, கவனமாக அளந்த பிறகு 1999ல் சார்ல்ஸ் சைஸ்லர் குழு தந்த கணக்கு சராசரியாக 24 மணி 11 நிமிடம்.

இந்தப் பதினொரு நிமிடம் பெரிய விஷயம். அதைத் தினமும் சரிக்கட்டாவிட்டால் இரண்டு மாதத்தில் பகல் இரவாகிவிடாவிட்டாலும் பத்து, பதினொரு மணி நேரம் விலகிவிடுவோம். சரிக்கட்டுவது வெளிச்சம். அதிகாலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் நகர்த்தும்; முன்னிரவு வெளிச்சம் பின்னால் தள்ளும். இதற்கென்றே நம் விழித்திரையில் ஒரு தனி வகைச் செல்கள் இருப்பதை 2002ல்தான் உறுதிசெய்தார்கள். நூற்றைம்பது ஆண்டாகக் கண்ணை ஆராய்ந்தவர்களுக்குத் தப்பிய செல்கள் அவை. உருவம் பார்க்க உதவுபவை அல்ல. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும், அதிலும் நீல வெளிச்சத்தை முக்கியமாக, உணர்ந்து எஸ்.சி.என்.னுக்குச் சொல்பவை. பார்வை இழந்தவர்களில் சிலருக்கு இந்தச் செல்கள் மட்டும் பிழைத்திருக்கும். எதுவும் தெரியாவிட்டாலும் அவர்கள் உடம்பு பகலை அறிந்துகொள்கிறது. கண்கள் முழுக்க இல்லாதவர்களில் பலருக்கோ நாள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, சில வாரம் இரவில் நல்ல தூக்கமும் சில வாரம் பகலில் தாங்க முடியாத தூக்கமுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கண் மருத்துவர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

வெளிச்சமே எட்டாத இடத்தில் வாழும் பிராணி என்ன செய்யும்? இதற்கு ஒரு நல்ல விடை மதுரையிலிருந்து கிடைத்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகார ஆய்வுக்கென்று ஒரு பெரிய குழுவை உருவாக்கினார். ஜெர்மனியில் இத்துறையின் முன்னோடியான எர்வின் பியூனிங்கிடம் பயின்று வந்தவர். மனிதர்களைக் காலமறியாமல் தங்கவைக்கும் தனிமை அறையும் அங்கே இருந்தது. மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோருடன் அவர் 1970களின் பிற்பகுதியில் இலைமூக்கு வௌவால்களை ஆராய்ந்தார். குகையின் ஆழத்தில் எப்போதும் ஒரே இருட்டு. ஆனாலும் வௌவால்கள் அந்தி சாய்ந்ததும் சரியாகக் கிளம்பிவிடும். ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து, மற்ற வௌவால்கள் வந்துபோகும் குகையிலேயே வைத்தபோது அதன் நாள் 24 மணி நேரத்தோடு ஒட்டியே இருந்தது. வேறு வௌவால்களே இல்லாத குகையில் தனியாக வைத்தால், நாள் நழுவத் தொடங்கியது. வெளிச்சம் தெரியாவிட்டாலும், போய் வரும் இனத்தைக் கொண்டே அது தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருந்தது. உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிந்த ஆய்வு இது. தமிழ்நாட்டில் இதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

இதுவரை சொன்னது நேரத்தைப் பற்றி. தூக்கம் வேறு. எஸ்.சி.என்.னை அழித்த எலியும் தூங்கத்தான் செய்கிறது, நேரம் கெட்டுத் தூங்குகிறது, அவ்வளவுதான். தூக்கத்தை நடத்துபவை மூளையின் வேறு பகுதிகள். அதை முதலில் காட்டியது ஒரு கொள்ளைநோய். முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு மூளை அழற்சி பரவியது. பெரும்பாலான நோயாளிகள் நாட்கணக்கில் தூங்கினார்கள்; சாப்பிட எழுப்பினால் எழுந்து, மறுபடி தூங்கிப்போனார்கள். சிலருக்கோ தூக்கமே வரவில்லை. வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எக்கனோமோ என்ற நரம்பியல் மருத்துவர் இறந்தவர்களின் மூளைகளைப் பிரித்துப் பார்த்தார். தூங்கித் தீர்த்தவர்களுக்கு ஹைப்போதாலமஸின் பின்பக்கமும் அதையொட்டிய நடுமூளையும் கெட்டிருந்தன. தூக்கம் இழந்தவர்களுக்கு முன்பக்கம் கெட்டிருந்தது. பின்னால் விழிப்பு, முன்னால் தூக்கம் என்று அவர் முடிவு செய்தார். ஏறக்குறைய எண்பது ஆண்டு கழித்து, 1996ல், முன்பக்கத்தில் தூக்கத்தின்போது மட்டும் முனைப்பாக இயங்கும் ஒரு சிறு செல்திரளை ஹார்வர்டில் கண்டார்கள். அவர் கை காட்டிய இடம்தான்.

இந்தத் திரளும் விழிப்புக்கான திரள்களும் ஒன்றையொன்று அடக்குகின்றன. ஒன்று ஓங்கினால் மற்றது அடங்கிவிடும். அதனால்தான் நாம் பாதித் தூக்கம், பாதி விழிப்பு என்று வெகுநேரம் தத்தளிப்பதில்லை. இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் போய்விடுகிறோம். விழிப்பின் பக்கம் நிலையாக நிற்க உதவுவது ஒரெக்சின் என்ற ரசாயனம், 1998ல் கண்டறியப்பட்டது. அதைச் சுரக்கும் செல்கள் அழிந்தவர்களுக்கு நார்கோலெப்சி என்ற நோய் வருகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார்கள், பெரிதாகச் சிரித்தால் முழங்கால் தளர்ந்து விழுந்துவிடுவார்கள். சோம்பேறி, நாடகமாடுகிறார் என்றெல்லாம் பெயர் வாங்கி, பல வருடம் கழித்தே நோய் என்ன என்று தெரியவருபவர்கள் நிறையப் பேர்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தூக்கத்தின் பக்கம் அழுத்துகிறது. காப்பி செய்வது அந்த அடினோசின் ஒட்டும் இடங்களில் தான் போய் உட்கார்ந்துகொள்வதுதான். களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் போகிறது. இந்தத் தூக்கச் சுமை காலையிலிருந்து ஏறிக்கொண்டே இருந்தாலும் நாம் இரவு வரை தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், எஸ்.சி.என். அதற்கு எதிராக விழிப்பை ஏற்றிக்கொண்டே போவதுதான். அதன் உந்துதல் உச்சத்தில் இருப்பது, விசித்திரம்தான், வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில். நாளைக்கு விடியலில் ரயில் என்று எட்டு மணிக்கே படுத்தவர் புரண்டு புரண்டு படுப்பது இதனால். அதன் பிறகு எஸ்.சி.என். தன் பிடியைத் தளர்த்துகிறது. பீனியல் சுரப்பிக்கு மெலட்டோனின் சுரக்கச் சொல்கிறது. மூளைக்குள்ளேயே இருக்கும் அந்தச் சுரப்பிக்குச் செய்தி போகும் வழி வேடிக்கையானது. தண்டுவடம் வரை இறங்கி, மார்புப் பகுதியில் வெளியேறி, கழுத்திலுள்ள நரம்பு முடிச்சு வழியாக மறுபடி மூளைக்கு ஏறுகிறது. உடல் வெப்பம் இறங்குகிறது. வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு மிகக் குறைவாகிறது. நாம் எழும் முன்பே கார்ட்டிசால் ஏறத் தொடங்கி, உடம்பை எழத் தயார் செய்கிறது.

மூளையில் மட்டுமல்ல, கல்லீரல், கணையம், இதயம் எல்லாவற்றின் செல்களிலும் இதே பெர், க்ரை சுற்று ஓடுகிறது. எஸ்.சி.என். அவற்றை ஒரே நேரத்தில் வைத்திருக்கிறது. ஆனால் இரவில் நடமாடும் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டால், சில நாட்களில் கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகிவிடுகிறது, எஸ்.சி.என். அசைவதில்லை. ஒரே உடம்பில் இரண்டு நேரம்.

இரவு இரண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிடும் லாரி ஓட்டுநர், அரசு மருத்துவமனையில் நைட் டூட்டி பார்க்கும் செவிலியர், ஸ்பின்னிங் மில்லில் மூன்றாவது ஷிஃப்ட் முடித்து வரும் பெண், ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி ஆகியோரின் உடம்பு அந்த எலியின் உடம்புதான். வேலை விட்டுக் காலை வெயிலில் வீடு திரும்பும்போது, அந்த வெயில் இப்போது பகல் என்று எஸ்.சி.என்.னுக்குச் சொல்கிறது, அதனால் எத்தனை வாரம் ஆனாலும் பெரும்பாலோருக்குக் கடிகாரம் இரவு வேலைக்கு மாறிக்கொள்வதில்லை. பகலில் நாலைந்து மணி நேரம் தூங்குவதே பெரும்பாடு. சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவற்றின் ஆபத்து இவர்களுக்குக் கூடுதல். கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007ல் சேர்த்தது.

இரவு வேலையை ஒழிக்க முடியாது. ஆனால் குறைந்தபட்சம் செய்யக்கூடியது ஒன்று 1982லேயே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. யூட்டாவில் ஒரு கனிம ஆலையில் தொழிலாளர்கள் வாரா வாரம் ஷிஃப்ட் மாறினார்கள். அதுவும் இரவிலிருந்து மதியத்துக்கு, மதியத்திலிருந்து காலைக்கு என்று பின்னோக்கி. சைஸ்லர் குழு இதைத் திருப்பிப் போட்டது. காலை, பிறகு மதியம், பிறகு இரவு. மாற்றம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. நம் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால், பின்னால் தள்ளிப்போவது அதற்கு எளிது. தொழிலாளர்கள் உடல்நலம் தேறியதாகச் சொன்னார்கள்; வேலையை விட்டுப் போவது குறைந்தது; உற்பத்தியும் கூடியது. காசு செலவில்லாத மாற்றம். மருத்துவமனையிலோ, மில்லிலோ, காவல் நிலையத்திலோ டூட்டி பட்டியல் போடும் பொறுப்பில் இருப்பவர் இதைப் படித்தால், உங்கள் பட்டியல் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று இந்த வாரமே பாருங்கள். பின்னோக்கிச் சுற்றினால் திருப்பிப் போடுங்கள்.